எங்கள் பயோசேஃப்டி கேபினெட்டுக்கு வந்த இரண்டு சர்வீஸ்காரர்கள்

எங்கள் துறையில் ஐந்து குழுக்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு பயோசேஃப்டி கேபினெட், அதாவது கிருமிகளைப் பாதுகாப்பாகக் கையாளும் பெட்டி. நான்கடி அகலம், கிளாஸ் 2, ஏ2 வகை. காலையில் செல் கல்ச்சர் (செல்களை வளர்ப்பது), மதியத்துக்கு மேல் மருத்துவமனையிலிருந்து வரும் பாக்டீரியா. புதிதாகச் சேரும் மாணவர்கள் இதையும் ‘லேமினார்’ என்றுதான் சொல்வார்கள். லேமினார் வடிகட்டிய காற்றை நம் முகத்தில் ஊதும். தட்டில் இருப்பதைத்தான் காக்கும், நம்மை இல்லை. இது முன்பக்கக் காற்றை உள்ளே இழுத்து, கிருமிகளைப் பிடித்து வைக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாக விடும். அந்த இழுவையின் வேகம் நிமிடத்துக்கு 100 அடி இருக்க வேண்டும். இருக்கிறதா என்று வருடா வருடம் பார்ப்பதற்குத்தான் சர்வீஸ்.

இரண்டு நிறுவனங்களின் பெயரையும் போடவில்லை. யார் என்ன செய்தார்கள் என்பது தெரிந்தால் போதும்.

மூன்று வருடமாக வந்தவருக்குப் பத்து நிமிட வேலை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி நடுவில் காட்டுவார். புகை உள்ளே போகும். “நல்லா இழுக்குது மேடம்” என்பார். யூவி விளக்கு எரிகிறதா என்று பார்த்து, ‘பாஸ்’ ஸ்டிக்கர் ஒட்டி, பில்லை நீட்டுவார். நானும் கையெழுத்துப் போட்டேன். ஆடிட்டுக்கு ஸ்டிக்கர் போதுமே.

இந்த வருடம் வேறு இடத்தில் சொன்னோம். பெட்டியும் கையுமாக இரண்டு பேர் வந்தார்கள். உள்ளே என்ன கிருமி கையாளுகிறோம் என்பதுதான் முதல் கேள்வி. ப்ளீச்சால் துடைத்து, அது துருப்பிடிக்க வைக்காமல் இருக்க 70 சதவீத ஆல்கஹாலால் மறுபடி துடைத்து, அதை எழுதிக் கொடுத்த பிறகுதான் தொட்டார்கள்.

இழுவையை அளந்தால் 71 அடி. பேனலில் பச்சை விளக்கு சாவகாசமாக எரிந்துகொண்டிருந்தது. அடுத்து புகை. இவர் நடுவில் மட்டும் காட்டவில்லை. கண்ணாடியின் கீழ் விளிம்பில் வலமிருந்து இடமாக மெதுவாக நகர்த்தினார். எல்லா இடத்திலும் கிரில்லுக்குள் இறங்கிய புகை, இடது மூலைக்கு வந்ததும் சுருண்டு வெளியே வந்தது. பயன்படுத்திய பிப்பெட் டிப்களை நான் போடும் டப்பா வைப்பது அங்கேதான். மூன்று வருடமாக அங்கேதான் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முகக்கவசம் மாட்டிக்கொண்டு அடித்தட்டைத் தூக்கினார். பின்பக்கக் கிரில் வழியாக உறிஞ்சப்பட்ட டிஷ்யூ பேப்பர்கள், கூடவே நீல நைட்ரைல் கையுறை ஒன்று. எந்தக் குழுவுடையது என்று நான் விசாரிக்கவில்லை. ஐந்தில் ஒன்று எங்களுடையது. எல்லாவற்றையும் எடுத்த பிறகு 102. அப்புறம் எண்ணெய்ப் புகையை உள்ளே விட்டு, ஃபோட்டோமீட்டர் முனையால் ஃபில்டர் முழுவதையும் விளிம்பு விடாமல் தடவிப் பார்த்தார்கள். ஒழுகல் இல்லை.

போகும்போது பன்சன் பர்னரை வெளியே எடுக்கச் சொன்னார்கள். அதன் சூடு காற்றோட்டத்தைக் கலைத்துவிடும். எங்கள் மூத்த பேராசிரியர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது தீயில் சுட வேண்டிய கம்பி லூப்புக்குப் (கிருமியை எடுத்துத் தடவும் வளையம்) பதிலாக, ஒருமுறை பயன்படுத்தும் லூப் வாங்குகிறோம்.

குறைகளும் உண்டு. பத்து மணி என்றவர்கள் ஒரு மணிக்கு வந்தார்கள். அன்று முழுக்க கேபினெட் மூடல்; ஒரு மாணவி வளர்த்த செல்கள் புதுத் தட்டுகளுக்குப் பிரிக்க முடியாமல் வீணாயின. பில் பழையவருடையதைப் போல மூன்று மடங்கு, அதற்கு அலுவலகத்தில் தனி விளக்கக் கடிதம் எழுதினேன். ஆனால் ரிப்போர்ட்டில் எந்த இடத்தில் எவ்வளவு வேகம் என்று எண் எண்ணாக இருக்கிறது. அளந்த கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கிறது. நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் இந்த இரண்டையும் முதலிலேயே கேளுங்கள். தரமாட்டேன் என்பவருக்கு ஊதுபத்திக் காசு மட்டும் கொடுக்கலாம்.

ஐந்துக்கு நான்கு. அடுத்த வருடமும் இவர்களையே கூப்பிடப் போகிறேன், காலை ஏழு மணிக்கு வரச் சொல்லி.