கொடைக்கானல் மேடையில் கமலாம்பாள்

மே மாதச் சீசனில் கொடைக்கானலுக்கு வருகிறவர்கள், ஏரிப் படகுக்கும் தூண்பாறைக்கும் செலவிடும் பொழுதில் ஒரு மாலையை எடுத்து ஒரு நாடகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். எழுபது வயதைக் கடந்த மேடை நடிகர் ஒருவர், துணைக்கு வேறு யாரும் இல்லாமல், தமிழ் நாவலின் தொடக்க காலத்துப் படைப்புகள் இரண்டை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் நடித்துக் காட்டுகிறார். முன்பாதியில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879); பின்பாதியில் ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துத் திருவிழாக்களில் இரவு முழுக்க நடக்கும் ஸ்பெஷல் நாடகம் ஆடி, ராஜபார்ட் என்னும் கதாநாயகன், பபூன் என்னும் கோமாளி என்று இரண்டு வேடங்களிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்ற மனிதர் இவர். ஏழு ரோடு சந்திப்பிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு சிறிய அரங்கத்தில், நூற்றைம்பது பேருக்கு முன்னால், 300 ரூபாய்க் கட்டணத்தில் இதைச் செய்கிறார்.

மேடையில் ஒரு மர நாற்காலி, ஒரு செம்புத் தண்ணீர், அவர் தோளில் கிடக்கும் கரை போட்ட அங்கவஸ்திரம் ஆகியவை தவிர வேறு ஒன்றும் இல்லை. ஒரே ஆள் பல குரலில் கதை சொல்வது நமக்குப் புதிதல்ல. கதாகாலட்சேபமும் பாரதம் படிப்பதும் கேட்டு வளர்ந்த காதுகள் நம்முடையவை. ஆனால் அங்கே கதை முன்பே தெரிந்த கதை, பாத்திரங்களும் பழகியவர்கள். அச்சில் வந்த ஒரு நாவலை, அதன் கதைசொல்லியின் குரல் கெடாமல் மேடைக்குக் கொண்டுவருவது வேறு வேலை. இந்த நாடகத்தின் வெற்றியும் குறையும் அந்த ஒரு இடத்தில்தான் இருக்கின்றன.

‘பிரதாப முதலியார் சரித்திரம்’ ‘நான்’ என்று தன்மையிலேயே சொல்லப்பட்ட கதையாதலால் ஒற்றை நடிகருக்கு இயல்பாகவே கைகொடுக்கிறது. முன்சீப்பாக இருந்து ஊர் வழக்கையெல்லாம் கேட்டவர் எழுதிய நாவல். அதன் கிளைக்கதைகள் ஒவ்வொன்றையும் திண்ணையில் உட்கார்ந்து சொல்வதுபோல் இவர் சொல்கிறார். பபூனாக நின்ற பழக்கத்தால் எந்தச் சொல்லில் நிறுத்தினால் சிரிப்பு வரும் என்று இவருக்குத் தெரியும். தெரிந்ததே இங்கே கொஞ்சம் கெடுதலாகவும் போகிறது. சிரிப்பு வந்த இடத்தில் நீட்டிவிட்டு, பிரதாபனின் மனைவி ஞானாம்பாள் ஆண் உடையில் கணவனைத் தேடிப் போவதையும், பட்டத்து யானை மாலை போட்டு அவள் விக்கிரமபுரிக்கு அரசனாவதையும் ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறார். ஆண்கள் ஸ்திரீபார்ட் என்னும் பெண் வேடம் கட்டி ஆடிய மேடை மரபிலிருந்து வந்த ஒருவருக்கு, ஆண் வேடமிட்ட பெண்ணை நடிக்கும் வாய்ப்பு வேறு எங்கே கிடைக்கும்? அந்த இடத்துக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்க வேண்டும்; கிளைக்கதைகளில் இரண்டை எடுத்துவிட்டாலும் ஒன்றும் குறையாது.

முன்பாதியில் இன்னொரு சங்கடமும் இருந்தது. சட்டையில் மாட்டியிருந்த காலர் மைக்கில் அங்கவஸ்திரத்தின் கரை உரச உரச, அவர் கையைத் தூக்கும்போதெல்லாம் தகரத்தைச் சுரண்டுவதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. இடைவேளையில் அதைக் கழற்றிவிட்டு வெறும் குரலோடு வந்தார். ஒலிபெருக்கிக்குப் பழகிய நமக்கு முதல் சில நிமிடங்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அதன் பிறகு ஒரு சொல்கூடத் தவறவில்லை.

‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்தது. எழுதத் தொடங்கியபோது ராஜம் ஐயருக்கு வயது இருபத்தொன்று. 1898இல் இருபத்தாறாம் வயதில் அவர் இறந்தும்விட்டார். அந்த இளைஞனின் குறும்பும் துடிப்பும்தான் நாவலின் கதைசொல்லி. எழுபது வயதுக்காரர் அந்தக் குறும்பை முதுமையின் பக்குவமாக மாற்றிவிடாமல், சிறுபிள்ளைத்தனம் சிறுபிள்ளைத்தனமாகவே தெரியும்படி பேசுகிறார். அக்கிரகாரத்துப் பேச்சைக் கேலியாக இழுக்காமல் அளவோடு வைத்துக்கொள்கிறார். கள்ளன் பேயாண்டித் தேவனாக மாறும்போது மதுரைச் சீமைப் பேச்சு தானாக நாக்கில் வந்து உட்காருகிறது. தமிழ் வாத்தியார் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை வருகிற நேரம் குறைவுதான் என்றாலும் அரங்கம் குலுங்கியது. ஜல்லிக்கட்டில் இவரே மாடு, இவரே வீரர், இவரே கூட்டம்; எனக்கு முன்வரிசையில் இருந்த சிறுவன் நாற்காலியில் ஏறி நின்றுவிட்டான்.

ஊர்ப் பெண்கள் கூடி வம்பளக்கும் வம்பர் மகாசபைக் காட்சியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கவஸ்திரத்தை இழுத்துத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு நான்கு பெண்களாகிறார். குரலை மாற்றவில்லை, கைகளை மட்டும் மாற்றுகிறார்: ஒருத்தி முறத்தில் அரிசி புடைக்கிறாள், ஒருத்தி திரி உருட்டுகிறாள், ஒருத்தி முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்கிறாள், இன்னொருத்தி ஒரு வேலையும் செய்யாமல் மோவாயில் விரல் வைத்திருக்கிறாள். அபவாதம் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போவது கண்ணுக்குத் தெரிகிறது. சிரித்துக்கொண்டிருந்த அரங்கம் எந்த நொடியில் சிரிப்பை நிறுத்தியது என்று எனக்கே தெரியவில்லை.

அதே துணிதான் கமலாம்பாளின் குழந்தை நடராஜனும். இரண்டாக மடித்து முழங்கையில் ஏந்தி, கமலாம்பாளின் கணவர் முத்துஸ்வாமி ஐயராக அதன் முகத்தைக் கொஞ்சுகிறார். குழந்தை காணாமல் போகும் இடத்தில் அழுகை இல்லை, கூச்சல் இல்லை. மடிப்பை மெல்ல அவிழ்க்கிறார். துணி நீளமாகத் தொங்குகிறது. உள்ளே ஒன்றும் இல்லை. அதை ஒரு முறை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கமலாம்பாளாக, தாழ்ந்த குரலில் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். முத்துஸ்வாமி ஐயர் பின்னால் துறவியாகிப் போகும்போதும் தோளில் அதே துணிதான் கிடக்கிறது. நாவலை நான் நான்கு முறை படித்திருக்கிறேன். அந்த வீட்டின் இழப்பு இவ்வளவு பெரியது என்று இந்த மாலைதான் புரிந்துகொண்டேன்.

நாவலின் வேதாந்தப் பகுதிகளைப் பெரும்பாலும் சுருக்கியிருக்கிறார். மேடைக்கு அது சரிதான்.

ஏற்பாட்டாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நான்கு மணி என்று அறிவித்து நான்கு இருபத்தைந்துக்குத் தொடங்கினார்கள். முடியும்போது ஆறே முக்கால். அன்று வத்தலக்குண்டிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. ராஜம் ஐயர் பிறந்த ஊர் மலையடிவாரத்து வத்தலக்குண்டுதான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர், “எங்க ஊர்ப் பிள்ளை எழுதுனதுப்பா, எங்க அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கேன்” என்று இடைவேளையில் என்னிடம் பெருமையோடு சொன்னார். ஆறரை மணிப் பேருந்தை விட்டால் மலையிறங்குவது கஷ்டம் என்பதால், பிரிந்த குடும்பம் கூடும் கடைசிக் காட்சிக்கு முன்னால் அவர்கள் எல்லோரும் எழுந்து போக வேண்டியதாயிற்று. வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அந்தப் பெரியம்மா போனார். அடுத்த வாரக் காட்சியையாவது மூன்று மணிக்குத் தொடங்குங்கள்.