“கூரைக்கு யு வேல்யூ எவ்வளவு வரும்?”

திருச்சியில் 1,350 சதுர அடி வீடு. சான்றிதழோடு பசுமை வீடு கட்டித் தருபவரைத் தேடி நான்கு மாதம் அலைந்தேன். பச்சை இலை போடாத விளம்பரமே இல்லை. மாடியில் சோலார் வைத்தால் போதும், அதுவே பசுமை வீடு என்றார் ஒருவர். இன்னொரு கம்பெனியில், பசுமைக் கட்டடங்களுக்குத் தரம் போடுகிற ஐஜிபிசி அமைப்பின் ‘ஐஜிபிசி கோல்டு’ என்று பெருமையாகக் காகிதத்தை நீட்டினார்கள். வாங்கிப் பார்த்தால் வரைபடத்தை வைத்துக் கொடுக்கிற முன்சான்றிதழ். கட்டடம் இன்னும் இரண்டாவது மாடியிலேயே நிற்கிறது. வேலை முடிந்தபின் கிடைப்பதுதான் முழுச் சான்றிதழ்.

நான் எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்வி: “கூரைக்கு யு வேல்யூ எவ்வளவு வரும்?” கூரை வழியாக எவ்வளவு சூடு உள்ளே இறங்கும் என்கிற கணக்கு அது. ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் ஸ்டார் போடுகிற பிஇஇதான் 2018-இல் ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா என்று வீடுகளுக்கும் விதி கொண்டுவந்தது. அதன்படி இந்த எண் 1.2-ஐத் தாண்டக் கூடாது. வெறும் கான்கிரீட் தளத்துக்கு இரண்டு மடங்குக்கு மேலேயே போய்விடும். “மேடம், அதெல்லாம் பெங்களூர் ஆபீஸ்தான் பார்க்கும்” என்றார் கோல்டுக்காரர்.

கடைசியாகப் பார்த்த இன்ஜினியர் பேனாவை எடுத்தார். தளம், அதன்மேல் தெர்மாகோல் மாதிரி கெட்டியான ஷீட், அப்புறம் சரிவுக் காரை, வெள்ளை கூல் டைல்ஸ் என்று அடுக்கடுக்காக வரைந்து, ஒன்றுக்குக் கீழே கொண்டுவரலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். முன்பு கட்டிய வீட்டின் விலாசமும் கொடுத்தார். மே மாதம், மதியம் மூன்று மணிக்குப் போனோம். மாடி அறையின் மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், சுடவில்லை. ஃபேன் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டம்மா கொடுத்த மோரைக் குடித்து முடிக்கும்போதே முடிவு செய்துவிட்டோம்.

வேலை அவ்வளவு சுகமாக நடக்கவில்லை. செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே இடைவெளி விடும் ரேட் ட்ராப் பாண்டு சுவர் கேட்டிருந்தோம். கல்லும் மிச்சம், சூடும் குறைவு. வந்த கொத்தனாருக்கு அது புதுசு. இடைவெளி விட்டால் சுவர் பலமாக இருக்காது என்று நினைத்து, கட்டிய நான்கு வரிசையிலும் இடைவெளிக்குள் கலவையை நிரப்பிவிட்டார்! பிரித்துக் கட்ட மூன்று நாள். எலக்ட்ரிக்கல் டிராயிங் தாமதமாக வந்ததால், இடைவெளிக்குள்ளேயே இறக்கியிருக்க வேண்டிய பைப்புக்காக ஹாலில் சுவரைக் கொத்தினார்கள். அந்தத் தழும்பு பூச்சுக்கு மேலும் தெரிகிறது.

ஜன்னல் விஷயத்தில் மட்டும் இன்ஜினியர் விட்டுக்கொடுக்கவே இல்லை. புழுக்கமான ஊர், திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும் என்று, என் கணவர் கேட்ட ஸ்லைடிங்கை மறுத்துக் கதவு மாதிரி முழுசாகத் திறக்கும் ஜன்னலே போட்டார். ஸ்லைடிங்கில் பாதிதானே திறக்கும்.

போன கோடை முழுக்க மாடியில் ஏசி இரவு பதினொன்றுக்கு மேல்தான். இன்ஜினியருக்கு ஐந்துக்கு மூன்றரை மார்க் கொடுப்பேன். மீதி ஒன்றரை ஏன் என்றால், குடிவந்து பதினான்கு மாதமாகியும் முழுச் சான்றிதழ் வரவில்லை. அதற்குக் கொடுக்க வேண்டிய, கூரை ஷீட் வாங்கிய பில்லைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.