ஈபேர்டில் எட்டு வருஷம்: எக்ஸ் போடுகிறவர்கள் மேல் எனக்குள்ள கோபம்

"ஈபேர்டில் நானும் சேரட்டுமா? அதனால் பயன் உண்டா?" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். ஓர் இடத்தில் பார்த்த பறவைகளைப் பட்டியலாகப் பதிந்து அனுப்புகிற செயலி அது. எட்டு வருஷமாக அதில் பட்டியல் போடுகிற எனக்கு உடனே பதில் வரவில்லை. அன்று காலைதான் எங்கள் குளத்துக்கு வந்துபோன ஒருவரின் பட்டியலைப் பார்த்திருந்தேன். 41 இனங்கள். அத்தனைக்கும் எதிரே எண்ணுக்குப் பதில் 'எக்ஸ்'. பார்த்தேன், எண்ணவில்லை என்று அதற்குப் பொருள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சிக்னல் இல்லாத கரையிலும் பட்டியல் போனில் பத்திரமாக இருக்கும், வீட்டுக்கு வந்து அனுப்பிக்கொள்ளலாம். நடந்த தூரத்தையும் நேரத்தையும் செயலியே குறித்துக்கொள்ளும். நான் எதிர்பார்க்காத சந்தோஷம் கடைசியில் அது கேட்கும் ஒரு கேள்வியில் இருந்தது: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா? ஆம் என்று சொன்னால், பட்டியலில் இல்லாத பறவை அன்று நம் கண்ணில் படவில்லை என்பதும் ஒரு தகவலாகிவிடுகிறது. நூறு முழுப் பட்டியல்களில் ஓர் இனம் எத்தனையில் வருகிறது என்று வருஷாவருஷம் பார்த்தால் அது பெருகுகிறதா குறைகிறதா என்று பிடித்துவிடலாம். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கைக்கு அடிப்படை இதுதான். 30,000க்கும் மேற்பட்டவர்கள் போட்ட 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளை வைத்து 942 இனங்களை அலசி, 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்றார்கள். நான் சேற்றில் நின்று குறித்த மடையானும் காக்கையும் அந்தக் கணக்குக்குள் இருக்கின்றன என்று நினைத்தால் இப்போதும் மனசு நிறைகிறது.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் கணக்குக்கு எண்ணிக்கை தேவையில்லை, பறவை இருந்ததா இல்லையா என்பதே போதும். எக்ஸ் போட்டவரின் பட்டியலும் அதில் உதவியிருக்கும். ஆகவே அவர்மேல் முழுசாகக் கோபப்பட எனக்கு உரிமை இல்லை.

ஆனால் ஒரு குளத்தைக் காப்பாற்றப் போகும்போது எண்தான் வேண்டியிருக்கிறது. எங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளம், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளைச் சேர்க்கும் ராம்சர் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பட்டியலுக்கான அளவுகோல்களில் ஒன்று 20,000 நீர்ப்பறவைகள், இன்னொன்று ஓர் இனத்தின் மொத்தத் தொகையில் ஒரு சதவீதம். 'நிறைய இருக்கும்' என்று சொன்னால் இந்த இரண்டுக்கும் ஆகாது. எங்கள் குளம் அவ்வளவு பெரிதில்லை. ஆனாலும் எங்களுக்கும் அந்த நாள் வந்தது.

குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களை ஏலம் விடப்போவதாகப் பேச்சு வந்தது. மாசி மாதம். மரமெல்லாம் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டி, குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்த நேரம். ஊர்க் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "எத்தனை பறவை தம்பி? போன வருஷம் எத்தனை?" என் எண்களைச் சொன்னேன். "நீ ஒருத்தன் எண்ணினது. வேற யாரும் எண்ணலையா?" என்றார். நல்ல கேள்வி. வீட்டுக்கு வந்து, முந்தைய வருஷம் அதே மாதத்தில் மற்றவர்கள் போட்ட பட்டியல்களைத் தேடி எடுத்தேன். 23 இருந்தன. 17இல் நாரைக்கு நேரே எக்ஸ்.

கையில் மிஞ்சியது ஆறு. அதை வைத்துப் பேசியதில் வடகரை மரங்களைக் குஞ்சுகள் பறக்கும்வரை தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். கீழ்க்கரை மரங்கள் போய்விட்டன. அந்த 17 பேரில் பாதிப்பேர் ஓர் எண் போட்டிருந்தால் அவையும் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது.

எண்ணுவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனசில் வைத்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டம் முழுக்க நகர்த்திக்கொண்டே போக வேண்டும். 340 இருக்கும் இடத்தில் 300 என்று போட்டாலும் பரவாயில்லை. சுமாரான எண்கூட எக்ஸைவிட மேல். கூட்டில் குஞ்சு தெரிந்தால் அதற்கென்று ஒரு குறியீடு இருக்கிறது, அதையும் போட்டுவிடலாம். இதற்கெல்லாம் கூடுதலாகக் கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

சரி, நண்பருக்கு என்ன சொல்வது? இத்தனை புகழ்ந்த பிறகும், இன்றிருக்கும் மனநிலையில் சொல்கிறேன்: நின்று எண்ணப் பொறுமை இல்லையென்றால் சேர வேண்டாம். பொறுமை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மறுகால் மதகுப் பக்கம் வரட்டும். நாமக்கோழிகளை நான் எண்ணிக்கொள்கிறேன், வடகரை மரங்களை அவர் எண்ணட்டும்.