குழாயடிப் பள்ளமும் மதுரைத் தண்ணீரும்: 35 வருட அனுபவம்

1989-ல் சிம்மக்கல் பக்கம் ஒரு சந்துக்குள் குடிவந்தபோது, வாசல் குழாயைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது. குடத்தை அதற்குள் இறக்கினால்தான் தண்ணீர் விழும். மேலே வைத்தால் புஸ்ஸென்று வெறும் காத்துதான். கோடை வந்தால் அப்பா கடப்பாரையை எடுத்து இன்னும் ஒரு சாண் தோண்டுவார். தண்ணீர் நிலவரம் தெரிய நாங்கள் பேப்பர் பார்த்ததில்லை, பள்ளத்தைப் பார்த்தால் போதும்.

அன்று குடித்தது வைகை மணலுக்குள் ஊறிய தண்ணீர். கோச்சடைப் பக்கம் ஆற்றுப்படுகையில் இறைத்து அரசரடி வழியாக வரும். அழகர் ஆற்றில் இறங்குவதற்காக வைகை அணையைத் திறந்தால், அடுத்த ஒரு வாரத்துக்கு எங்கள் அடிபம்பே தெம்பாக இறைக்கும். சாமி வந்தார், தண்ணி வந்தது என்பாள் பாட்டி. கணக்குப்படியும் அது சரிதான்: படுகை நனைந்தால் கிணறு ஊறும். பிறகு அணைத் தண்ணீரைப் பண்ணைப்பட்டியில் சுத்திகரித்துக் குழாயில் அனுப்ப ஆரம்பித்தார்கள். அளவு கூடியது, ருசி போனது. மணல் வடித்த தண்ணீரைக் குடித்த நாக்குக்கு குளோரின் வாடை பழக ரொம்ப நாள் ஆனது.

பாதாள சாக்கடையைப் பற்றி அந்த வீட்டில் நாங்கள் யோசித்ததே இல்லை. 1924-ல் ஊரின் நடுப்பகுதியில் ஆரம்பித்த வேலை அது. அந்தக் கழிவுநீர் அவனியாபுரம் பக்கம் போய் மாட்டுக்குப் புல்லாக வளர்ந்தது என்பதே பின்னால்தான் தெரியும்.

அதன் அருமை 2003-ல் ஆனையூருக்கு வந்தபிறகு புரிந்தது. சொந்த வீடு, நல்ல காற்று, பக்கத்திலேயே கண்மாய். ஆனால் போர் தண்ணீர் உப்பு, குடிக்க லாரி, செப்டிக் டேங்க் நிறைந்தால் அதற்கும் ஒரு லாரி. இரண்டு லாரிக்காரர் நம்பரும் காலண்டரில் அடுத்தடுத்து எழுதியிருக்கும். ஒருமுறை அவசரத்தில் மாற்றிக் கூப்பிட்டுவிட்டேன், விடுங்கள். 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளெல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்து நகரம் 100 வார்டு ஆனது. வார்டு எண் ஒரே நாளில் வந்துவிட்டது. குழாயும் சாக்கடையும் மெதுவாகத்தான் வந்தன.

வந்தபிறகும் தொல்லை தீரவில்லை. கேபிள் பதிக்க வந்த யாரோ ஒரு ஒப்பந்ததாரரின் ஜேசிபி குழாயைக் கடித்துவிட்டுப் போனது. மறுநாள் காலை பக்கெட்டில் விழுந்த தண்ணீர் டீத்தண்ணி நிறம், கிட்டே போனால் சாக்கடை நாற்றம். மூன்று நாள் கேன் தண்ணீரில்தான் சமையல். அதைவிட மோசம், குழாயில் நேராக மோட்டார் போட்டு உறிஞ்சும் ஆட்கள். எங்கள் தெருவில் ஒருவர் போட்டார், ஒரே மாதத்தில் ஏழு வீட்டில் மோட்டார். கடைசி வீட்டு அக்கா குடத்தோடு நின்றது நின்றதுதான். குழாய்க்குள் வெற்றிடம் விழுந்தால் வெளியே கசிந்து கிடக்கும் சாக்கடையையும் சேர்த்து உள்ளே இழுக்கும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைத் தேனி மாவட்டத்து லோயர் கேம்ப்பிலிருந்து நாளுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டத்தை நான் மலைபோல் நம்பியிருக்கிறேன். 1895-ல் பென்னிகுவிக் கட்டிமுடித்த அணையின் தண்ணீர் ஆற்றில் இறங்கி, மணலில் பாதி காணாமல் போய் வருவதைவிட குழாயிலேயே நேராக வருவது நல்லது. இருந்தாலும் இங்கே புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: சம்பை, அதாவது தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியை, 5,000 லிட்டருக்குக் குறையாமல் கட்டுங்கள், சாக்கடைத் தொட்டியிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி. மோட்டாரை சம்பில் போடுங்கள், தெருக்குழாயில் வேண்டாம்.