கட்டுமரத்தைத் துரத்திப் பிடிக்க: சிகாகோ அகராதித் தளம் எப்படி?

ஸ்வீடிஷில் கட்டமரான், லாட்விய மொழியில் கட்டமரான்ஸ். இரண்டுமே இரட்டை அடிப்பாகம் கொண்ட படகைக் குறிப்பவை. காசிமேட்டில் ஃபைபர் படகு வருவதற்கு முன் ஓடிய கட்டுமரத்துக்கோ அடிப்பாகம் என்று தனியே ஒன்றும் கிடையாது. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் வரிந்து கட்டியது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட சொற்களின் பூர்வீகம் தேட, சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளம் நல்ல இடம். காசு கேட்காது.

முதலில் ஹாப்சன்-ஜாப்சன், ஆங்கிலத்தில் புகுந்த இந்தியச் சொற்களின் அகராதி. யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வந்தது. தளத்தில் இருப்பது 1903 பதிப்பு. கட்டு, மரம் என்று தமிழ் மூலத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு, வெனிஸ் வணிகர் பால்பியின் 1583ஆம் ஆண்டுக் குறிப்பில் தொடங்கி மேற்கோள்களை ஆண்டுவாரியாக அடுக்குகிறது. இரட்டைப் படகு என்ற பொருள் பரவியது அதற்கெல்லாம் வெகு பின்னால், அமெரிக்கர் ஹெரஷாஃப் 1876இல் ஓட்டிய அமரில்லிஸ் படகை ஒட்டி. அந்தக் கதைக்கு வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

தளத்தின் உயிர்நாடி சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் பிற்சேர்க்கை. பிற்காலப் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை. இதில் பலரும் சறுக்குவது குறியீடுகளில். இடப்பக்கம் கூர் உள்ள அம்புக்குறி இருந்தால் 'இதிலிருந்து வந்தது' என்று பொருள். சாவி, அலமாரி போன்றவற்றில் அதன் பின்னே போர்த்துகீசியச் சுருக்கம் நிற்கும். அம்புக்குறிக்குப் பின் மொழிப்பெயரே இல்லாமல் சொல் மட்டும் வந்தால் அது சமஸ்கிருதம். 'ஒப்பிடுக' என்ற குறிப்பு மூலம் ஆகாது. சதுர அடைப்பில் வரும் தெலுங்கு, கன்னட, மலையாள வடிவங்களும் உறவுச் சொற்கள்தான், மூலம் அல்ல. ஃபேஸ்புக்கில் நடக்கும் சொற்சண்டைகளில் பாதி இதைக் கலந்துகட்டிப் படித்ததால் வருவது.

'கட்டினான்' என்று போட்டுத் தேடினால் வெறுங்கைதான். வினைகள் 'கட்டு-தல்' வடிவில் உள்ளன. 'கணினி'யும் கிடைக்காது, காலம் அப்படி. லெக்சிகனின் வேர் விளக்கங்களைத் தேவநேயப் பாவாணர் கடுமையாக மறுத்தார். பிறகு அவரே இயக்குநராக இருந்து 1974இல் தொடங்கியதுதான் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம். சர்ச்சையான சொல் என்றால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் (இரண்டாம் பதிப்பு 1984) இங்கேயே உண்டு. வெளியிலிருந்து வந்த சாவியை அதில் தேடிப் பயனில்லை. திராவிட வேர்களுக்கானது அது. தலைச்சொற்கள் முழுக்க ரோமன் எழுத்து, அதுவும் புள்ளியும் கோடும் வைத்தவை. ழகரத்துக்கு நாம் போடும் இசட்-எச் அங்கே செல்லாது, அடியில் இரட்டைப் புள்ளி வைத்த ஆர் வேண்டும். செல்போனில் இதை அடிப்பது ரோதனை. லெக்சிகனில் தமிழிலேயே தேடினால் தலைச்சொல்லை ஒட்டி ரோமன் வடிவம் வரும். ழகரம் இல்லாத சொல் என்றால் அதை நகலெடுத்து இங்கே ஒட்டிவிடலாம். லெக்சிகன் ழகரத்துக்கு அடிக்கோடிட்ட எல் போடுவதால், அதை மட்டும் மாற்ற வேண்டும்.