எஃப்எஸ்டேபில் யூயூஐடியா, லேபிளா?

லினக்ஸில் நேற்று எஸ்டிஏ என்ற பெயரில் இருந்த டிஸ்க், இன்னொரு டிரைவைச் செருகி பூட் செய்தால் எஸ்டிபி ஆகிவிடலாம். கெர்னல் கண்டுபிடிக்கிற வரிசையில்தான் பெயர் வைக்கிறது. அதனால் பூட் ஆகும்போது எந்த டிஸ்கை எங்கே மவுண்ட் செய்வது (இணைப்பது) என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் அந்தப் பெயரை எழுதவே வேண்டாம். யூயூஐடி (ஃபைல்சிஸ்டத்தின் தனி அடையாள எண்) அல்லது லேபிள் (நாமே வைக்கும் பெயர்) எழுதுங்கள்.

எழுதுவது
யூயூஐடி: இஎக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தில் 36 எழுத்து. பிஎல்கேஐடி கமாண்ட் காட்டுவதை அப்படியே காப்பி செய்யுங்கள்.
லேபிள்: இஎக்ஸ்டி4-இல் 16 பைட் வரை. தமிழில் வைத்தால் இரண்டு முதல் ஐந்து எழுத்திலேயே தீர்ந்துவிடும்.

குழப்பம்
யூயூஐடி: தானாக உருவாவது, இன்னொரு டிஸ்கோடு மோதாது.
லேபிள்: இரண்டு டிஸ்குக்கும் ஒரே பெயரை வைத்து ஒன்றாகச் செருகினால் எது மவுண்ட் ஆகும் என்று சொல்ல முடியாது.
ஆனால் டிடி கமாண்டால் டிஸ்கை அப்படியே குளோன் செய்தால் யூயூஐடி, லேபிள் இரண்டுமே நகலாகிவிடும். பழைய டிஸ்கைக் கழற்றிவிட்டு பூட் செய்யுங்கள்.

ஃபார்மட் செய்தால்
யூயூஐடி: மாறிவிடும், எஃப்எஸ்டேபைத் திருத்த வேண்டும்.
லேபிள்: அதே பெயரைத் திரும்ப வைத்தால் போதும்.

ரூட், ஹோம் பார்ட்டிஷனுக்கு யூயூஐடிதான், யோசிக்கவே வேண்டாம். வாரம் ஒன்றாக மாற்றிச் செருகும் பேக்கப் டிஸ்குகளுக்கு ஒரே லேபிள் வசதி. கூடவே எஃப்எஸ்டேபில் நோஃபெயில் ஆப்ஷனைச் சேருங்கள், டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் தொடரும். இல்லையென்றால் டிஸ்க் இல்லாத நாளில், பூட்டை நடத்தும் சிஸ்டம்டி வழக்கமாக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும்.