சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்த்தோம்: ஐந்து வருட ஓடிடி அனுபவம்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டில் தமிழ்ப் படம் ஓடும்போது என் மகளின் கண் நடிகர்களின் முகத்தில் இருக்காது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளில்தான் இருக்கும். இதை நான் கவனிப்பதற்கே இரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஓடிடி எங்கள் வீட்டுக்குள் வந்தது கொவிட் காலத்தில். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை எல்லாரும் வீட்டுக்குள் அடைந்திருந்த அந்த எட்டு வாரத்தில் முதல் சந்தா எடுத்தோம். அந்த வருடம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, நவம்பர் 12ஆம் தேதி, ‘சூரரைப் போற்று’ தியேட்டருக்குப் போகாமல் நேராக அமேசான் பிரைமில் வந்தது. மாமியார், கணவர், நான், பிள்ளைகள் இருவர் என்று ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். மாறனும் பொம்மியும் மதுரைப் பேச்சில் மல்லுக்கட்டும் இடங்களில் அத்தை வாய்விட்டுச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள், ஆனால் ஒரு நொடி முன்னாலேயே சிரித்துவிட்டார்கள். காது வசனத்தைக் கேட்டு முடிப்பதற்குள் கண் வரியைப் படித்து முடித்துவிடுகிறது. அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு குடும்பத் தொடர் பார்த்தபோதுதான். அதில் மனைவி கணவனை ஆறு அத்தியாயமும் ‘நீங்க’ என்றே பேசுவாள். ஏழாவது அத்தியாயத்தில் சண்டை முற்றி, குரலைக்கூட உயர்த்தாமல், “நீ போ” என்பாள். அத்தை “ஐயோ” என்று நெஞ்சில் கை வைத்தார். என் மகள் நிமிர்ந்து, “என்னாச்சு பாட்டி?” என்று கேட்டாள். கீழே வந்த வரியில் ஒன்றுமே ஆகவில்லை. ஆங்கிலத்தில் முதல் அத்தியாயத்திலும் ‘யூ’தான், ஏழாவதிலும் ‘யூ’தான். அந்தத் தொடர் ஆறு அத்தியாயமாகச் சேர்த்துவைத்த கோபம் அவளுக்குப் போய்ச் சேரவே இல்லை. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. தமிழ் தெரியாத பிள்ளை இல்லை அவள். பள்ளியில் தமிழ் படிக்கிறாள், வாய்மொழித் தேர்வில் நன்றாகவே பேசுகிறாள். ஆனாலும் ஆங்கில எழுத்து கண்ணெதிரே இருந்தால் காது தானாக மூடிக்கொள்கிறது.

அதற்குப் பிறகு இதை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தேன். அத்தை, சித்தி, பெரியம்மா மூன்று பேரும் ‘ஆன்ட்டி’ ஆகிவிடுகிறார்கள். ஒரு மர்மத் தொடரில் ஒரு பையன் ஒரு பெண்ணைச் ‘சித்தி’ என்று கூப்பிட்டதும், இவள் அவன் அப்பாவின் இரண்டாம் மனைவியாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு அது இரண்டு அத்தியாயம் தள்ளித்தான் தெரிந்தது. துப்பு அந்த ஒரே சொல்லில்தான் இருந்தது.

சரி, அணைத்துவிடுவோம் என்று முடிவெடுத்தோம். சொல்வது சுலபம். முதலில் எடுத்தது ‘சார்பட்டா பரம்பரை’. அது தவறான தேர்வு. 1970களின் வடசென்னைப் பேச்சு, அதுவும் குத்துச்சண்டைக்காரர்கள் படபடவென்று பேசுவது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கே முதல் அரைமணி நேரம் தடுமாற்றம்தான். மகன் எழுந்து போயே விட்டான். கன்னியாகுமரிப் பக்கத்துக் கதையான ‘வதந்தி’யிலும் எனக்குச் சில இடங்களில் அப்படித்தான் இருந்தது. ஆகவே ஆங்கில வரிகளே கூடாது என்று சொல்ல மாட்டேன். வட்டார வழக்கு கடினமாக இருந்தால் ஒருமுறை வரிகளோடு பார்த்துவிட்டு, பிடித்த காட்சிகளை வரிகள் இல்லாமல் திரும்பப் பார்க்கலாம். சார்பட்டாவை அப்படித்தான் மீட்டோம்.

எங்களுக்குச் சரியாக அமைந்தது ஜீ5இல் 2023 ஜனவரியில் வந்த ‘அயலி’. எட்டு அத்தியாயம். 1990ஐ ஒட்டிய காலம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பெண் வயதுக்கு வந்தால் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கும் ஊரில், தமிழ்ச்செல்வி என்ற மாணவி தான் வயதுக்கு வந்ததையே மறைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். டாக்டராக வேண்டும் என்பது அவள் ஆசை. என் மகளுக்கு அப்போது ஏறக்குறைய அதே வயது. முதல் அத்தியாயத்தில் பத்து தடவை நிறுத்தி அர்த்தம் கேட்டாள். நாலாவதில் கேட்பதை நிறுத்திவிட்டாள். கடைசி அத்தியாயத்தில் எனக்கு முன்னால் அவள் அழுதாள். இந்த ஐந்து வருடத்தில் பார்த்த தொடர்களில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

‘சுழல்’ முதல் சீசனும் நல்ல அனுபவம். விசாரணை மயானக் கொல்லைத் திருவிழாவோடு பின்னிப் போகும். விழுப்புரம் பக்கம் பிறந்தவர் என் மாமியார். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில், சிவராத்திரிக்கு மறுநாள் சாமி மயானத்துக்குப் போவது, வேஷம் கட்டியவர்களைப் பார்த்துச் சின்ன வயதில் தான் பயந்து ஓடியது என்று ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் அரைமணி நேரம் கதை சொன்னார். பிள்ளைகள் தொடரைவிட அதற்காகவே உட்கார்ந்தார்கள். மற்றபடி, தமிழில் வரும் பல தொடர்களில் ஐந்து அத்தியாயத்துக்கான கதையை எட்டுக்கு இழுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்த் தொடருக்குத் தமிழிலேயே வரிகள் இருப்பது இன்னும் அபூர்வம். சில தளங்களில் சிலவற்றுக்கு இருக்கிறது. எங்களிடம் இருந்த ஒரு தளத்தில் அதைப் போட்டுப் பார்த்தோம். அதிகம் பயனடைந்தது பிள்ளைகள் இல்லை, அத்தைதான். அவருக்குக் காது கேட்பது குறைந்துவிட்டது, ஆங்கிலம் படிக்க வராது. இத்தனை நாள் பின்னணி இசைக்கு நடுவே பாதி வசனத்தை ஊகித்துத்தான் பார்த்திருக்கிறார். எங்களிடம் சொன்னதே இல்லை. தமிழ் வரிகள் வந்த முதல் நாள், “இப்பதாம்மா எல்லாம் புரியுது” என்றார்.

ஆனால் அந்த வரிகளில் கவனம் போதாது. நடிகர் “வந்துட்டாங்க” என்கிறார், கீழே ‘வந்துவிட்டார்கள்’ என்று ஓடுகிறது. பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு பிள்ளைகளுக்குப் புரிய இது உதவும் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காது ஒன்றைக் கேட்டு கண் இன்னொன்றைப் படித்தால் இரண்டுமே சோர்ந்துபோகின்றன. பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும். எழுத்துப் பிழையும் நிறைய. ‘பள்ளி’ என்பது ‘பல்லி’ என்று வந்ததைத் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகன் கண்டுபிடித்தான். காசு வாங்கிக்கொண்டு தரும் சேவையில், தமிழ் படித்த ஒருவர் ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

நம் ஊர் நாடகங்களைச் சொல்லாமல் விட முடியாது. சிங்கப்பூரின் தமிழ் ஒளிவழியான வசந்தத்தின் நாடகங்கள் மீவாட்ச் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தயாரிப்பில் தமிழ்நாட்டுத் தொடர்களோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக் கூடமும், மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது பேசும் பேச்சும் நம்முடையவை. “அம்மா, இவங்க நம்ம மாதிரியே பேசுறாங்க” என்றாள் மகள். 2020 கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 2.5 விழுக்காடுதான். அப்படிப்பட்ட ஊரில், தான் பேசும் தமிழைத் திரையில் கேட்பது ஒரு பிள்ளைக்குப் பெரிய விஷயம்.

இப்போது எங்களிடம் இரண்டு சந்தாதான். மற்றவற்றைத் தேவைப்படும் மாதத்துக்கு மட்டும் எடுத்து நிறுத்திவிடுகிறோம். சனிக்கிழமை இரவு ஒரு அத்தியாயம், ஆங்கில வரிகள் கிடையாது, புரியாவிட்டால் நிறுத்திப் பாட்டியிடம் கேட்கலாம். அடுத்தது ‘சுழல்’ இரண்டாவது சீசன். 2025 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, நாங்கள்தான் பள்ளி விடுமுறைக்காக வைத்திருக்கிறோம். அதிலும் ஒரு காளி திருவிழா வருகிறது என்று சொன்னதிலிருந்து அத்தை நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்.